மாற்றிய கியரும் மாறாத வண்டியும்

ஒரு பொருளின் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் அது பழைய பொருளாக இருப்பது நின்று வேறொரு பொருளாகிவிடுகிறது? குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் இந்தக் கேள்விக்கு நாமும் தேர்வுத்தாளில் விடை எழுதியதுண்டு. மதிப்பெண் வந்ததோடு கேள்வியும் தீர்ந்துவிட்டதென எண்ணியிருந்தோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், இருங்காட்டுக்கோட்டையை அடுத்த ஒரு சிற்றூரில், பழைய பிக்கப் வண்டி ஒன்றின் வடிவில் அது மீண்டும் நம் முன் வந்து நின்றது. இம்முறை ஓர் அண்ணன் தம்பியின் உறவு அதில் அடங்கியிருந்தது.

இருங்காட்டுக்கோட்டையைக் கேள்விப்படாத தமிழர் இன்று குறைவு. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னே, ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைந்த பூமி அது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த மோட்டார் பந்தயங்களுக்கு 1990இல் இங்கேதான் தனித்தடம் அமைந்தது. 1996இல் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் முதல் கார்கள் விற்பனைக்கு வந்தன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் தொழிற்சாலையும், 2012இல் டைம்லரின் லாரித் தொழிற்சாலையும் தொடங்கின. ஏர் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மூன்று ஷிப்டுகளில் கார்களுக்குப் போல்ட்டு முடுக்குகிறார்கள். ஓட்டுபவர் கையால் கியர் மாற்ற வேண்டாத தானியங்கிக் கார்களும் இச்சாலை வழியே நாள்தோறும் பெருலாரிகளில் ஏறிப் போகின்றன.

அத்தகைய ஊரில், ஒரு வீட்டுக் கொட்டகையில் நின்றது நாம் சொல்லும் வண்டி. 1968இல் வாங்கிய ஜீப் வகைப் பிக்கப் அது. வீட்டுப் பெரியவர் காய்கறி வியாபாரி. கத்தரியும் வெண்டையும் கீரைக்கட்டும் ஏற்றிக்கொண்டு கோழி கூவுமுன் கொத்தவால் சாவடிக்குப் போவார். 1996இல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியபோது வண்டியும் வழி மாற்றிக்கொண்டது. பேறுகால வலி கண்ட பெண்களைக் காஞ்சிபுரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும், கல்யாணத்துக்குப் பாத்திரம் சுமந்ததும், இறந்தோரைக் கல்லறைக்கு எடுத்துச் சென்றதும் அதே வண்டிதான். தேர் செய்ய வசதியில்லாத நம் கிளைப்பங்குச் சிற்றாலயத்துக்கு, ஆண்டுத் திருவிழாவில் புனித அந்தோனியாரின் திருவுருவத்தைச் சுமக்கும் தேரும் அதுவே. பெரியவர் இறந்தபின் வண்டி அவருடைய மனைவிக்கும் இரு மகன்களுக்கும் பொதுவாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா இரவில், பவனி நடுத்தெருவை அடைந்தபோது வண்டியின் அடியிலிருந்து ஒரு முறிவோசை கேட்டது. வண்டி நின்றது. பூ அலங்காரத்தோடு இருந்த திருவுருவத்தை இளைஞர்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஆலயம் வந்து சேர்ந்தனர். கியர் பெட்டியில் முதல் கியரின் பற்கள் உடைந்திருந்தன.

ஏன் உடைந்தன என்பதை மெக்கானிக் நமக்கு விளக்கினார். எஞ்சின் வேகமாகச் சுற்றும். சக்கரமோ மெதுவாக, ஆனால் பலத்தோடு சுற்றவேண்டும். சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைத் தள்ளினால் வேகம் குறைந்து பலம் கூடும். கியர் என்பது இவ்வளவே. அந்தப் பழைய பெட்டியில் மூன்று முன்கியர்களே உண்டு. முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ மூன்று சுற்றுச் சுற்றினால் பின்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். சந்தைக்குப் போக அது போதும். செபமாலை சொல்லியபடி நடக்கும் மக்களோடு நகர அது போதாது. அரைக் கிளட்ச்சில் காலை வைத்தபடியே உருட்ட வேண்டும். கிளட்ச் தேய்ந்து கருகும். மேலும், முதல் கியரில் பற்களை ஒத்த வேகத்துக்குக் கொண்டுவரும் சின்க்ரோ வளையம் அந்நாளைய பெட்டிகளில் கிடையாது. ஓடும்போதே முதல் கியருக்கு இறக்குவதானால், கிளட்ச்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சின் வேகத்தை ஏற்றி, பக்குவம் பார்த்துப் போடவேண்டும். பெரியவரின் காலுக்கு அது பழக்கம்; பிள்ளைகளின் காலுக்கு அது கைவரவில்லை. ஒவ்வொரு திருவிழாவும் அந்தப் பற்களில் கொஞ்சம் கொஞ்சம் கடித்துத் தின்றிருக்கிறது.

இங்கேதான் வழக்குத் தொடங்கியது. தம்பி தொழிற்சாலைப் பணியாளர். நான்கு கியர் கொண்ட, முதல் கியர் இன்னும் தாழ்ந்த வேறொரு பெட்டியைப் பொருத்தினால் வண்டி நடை வேகத்தில் தானே நகரும் என்றார். அண்ணன் சென்னையில் குடியிருப்பவர். பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒருவர் நல்ல விலை தர முன்வந்திருந்தார். ஆனால் எல்லாப் பாகங்களும் தொழிற்சாலையில் பொருத்தியபடியே இருக்கவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. மகளின் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கட்ட அண்ணனுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. இடையில் வந்த தரகர் ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார்: “அதே வகைப் பெட்டி புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். மாட்டிவிட்டு, வண்டியோடு பிறந்தது என்று சொல்லிவிடுவோம். யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?”

இருவரும் நம்மிடம் வந்தனர். தம்பி, “அப்பா வண்டியை ஓடவைக்கத்தான் கேட்கிறேன், ஃபாதர்” என்றார். அண்ணன், “அப்பா வைத்திருந்தபடியே இருக்கட்டும் என்கிறேன். கண்ட பெட்டியையும் மாட்டினால் அது அப்பா வண்டியா?” என்றார். நாமும் அவசரத்தில், தந்தை விட்டுச்சென்றதை விட்டுச்சென்றபடியே காப்பதுதான் மரியாதை என்று அண்ணன் பக்கமே பேசிவிட்டோம். தரகர் சொன்ன வழி அப்போது நமக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை, கேளாமல் தீர்ப்புச் சொன்னது குற்றம்தான்.

அண்ணனின் கேள்வி புதியதன்று. ஏதென்ஸ் நகரத்தார் தம் வீரன் தீசியஸின் கப்பலைப் பல தலைமுறைகள் பாதுகாத்தனர் என்றும், மக்கிய பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்துக்கொண்டே வந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். 1655இல் தாமஸ் ஹாப்ஸ் அந்தப் புதிருக்கு மேலும் ஒரு முடிச்சுப் போட்டார்: கழித்த பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து மீண்டும் கப்பலாக்கினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? மரமே கப்பல் என்றால் இரண்டாவது. ஓடிவந்த தொடர்ச்சியே கப்பல் என்றால் முதலாவது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் புனித அக்குவினா தோமையார், உடலின் உயிர்ப்பைப் பற்றி ஆராயுமிடத்தில் இதே முடிச்சைத் தொடுகிறார். மனித உடலின் பொருள் வாழ்நாள் முழுவதும் வந்தும் போயும் கொண்டிருக்கிறது. ஆயினும் மனிதர் ஒருவரே. விறகு எரிந்து தீரத் தீரப் புது விறகு இடப்பட்டாலும் நெருப்பு ஒன்றாகவே இருப்பதை அவர் உவமை காட்டுகிறார். நம் நாட்டார்க்கு இதற்கு நூல் ஆதாரம் தேவையில்லை. திருவாரூர் ஆழித்தேருக்கு இன்று திருச்சி பெல் ஆலை செய்தளித்த ஹைட்ராலிக் பிரேக்குகள் உண்டு; அது ஆழித்தேர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. சாந்தோமில் போர்த்துக்கீசியர் 1523இல் கட்டிய ஆலயம் இன்றில்லை. நாம் முழந்தாளிடும் ஆலயம் 1893இல் தொடங்கி 1896இல் முடிக்கப்பட்டது. எனினும், தோமையாரின் கல்லறை ஆலயத்துக்குப் போகிறோம் என்றுதான் சொல்கிறோம்.

சட்டமும் இக்கேள்விக்குத் தன் வழியில் விடை சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அச்சான்றிதழில் சேசிஸ் எண் உண்டு, எஞ்சின் எண் உண்டு, நிறம்கூட உண்டு. கியர் பெட்டிக்கு அதில் இடமில்லை. ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் 2021 ஜூலையில் வந்த விதிகளும், மூல வடிவம் பற்றிப் பேசுமிடத்தில் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றையே சுட்டுகின்றன. வண்டியின் அடையாளம் அதன் முதுகெலும்பில் பொறித்த எண்ணில் இருக்கிறது என்பது சட்டத்தின் கணிப்பு. ஆட்சி நடத்த அது போதும். இரண்டு சகோதரர்களைச் சமாதானப்படுத்த அது போதவில்லை.

சமாதானம் எதிர்பாராத வழியில் வந்தது. மெக்கானிக் பெட்டியைக் கழற்றித் துடைத்துப் பார்த்துவிட்டு, “இது இந்த வண்டியோடு பிறந்த பெட்டி இல்லை, ஃபாதர். இதைத் தாங்கும் பிராக்கெட்டையே யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்” என்றார். அருகில் நின்ற தாயார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்தார். பெரியவர் தம் கையால் எழுதியது. டீசல் அன்று, அந்நாளில் பெட்ரோல்; அதன் விலையும், டயர் மாற்றிய நாளும், சந்தைக் கணக்கும் வரிசையாக இருந்தன. 1979ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு குறிப்பு: கியர் பெட்டி மாற்றியது, பழையதில் பல் போயிற்று, வேறு வண்டியின் பெட்டி, லேத்துக் கூலி தனி. “அவர் எதையும் மறைக்க மாட்டார், சாமி. எழுதி வைப்பார்” என்றார் தாயார்.

அண்ணன் காக்க நினைத்த ‘அப்பா வைத்திருந்தபடி’ என்பது அப்பா மாற்றியபடியே என்பது அப்போது விளங்கியது. சேகரிப்பவருக்குச் சொல்லவிருந்த ‘தொழிற்சாலையில் பொருத்தியது’ என்ற சொல் முதலிலேயே பொய். அந்தப் பக்கத்தைப் படித்தபின் தரகரின் யோசனையை அண்ணன் தாமே நம்மிடம் சொன்னார், தலை குனிந்திருந்தது. நாமும் நம் முந்திய தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். நம்முடைய தலையும் நிமிர்ந்திருக்கவில்லை.

எனில், எதை வேண்டுமானாலும் மாற்றலாமா? பயன் ஒன்றே முக்கியம் என்றால், இரும்புக் கடைக்கு இதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுப் பிக்கப் வாங்கினால் அதுவும் திருவுருவத்தைச் சுமக்குமே? சுமக்கும். அது நல்ல வண்டியாகவும் இருக்கும். ஆனால் காஞ்சிபுரத்துக்குப் போன அந்த இரவுகள் அதற்கு இல்லை. ஆகவே பயன் மட்டும் ஒரு பொருளை அதே பொருளாக்குவதில்லை. ஊர் இளைஞர் ஒருவர், “தானியங்கிக் கியரே வைத்துவிடலாமே” என்று கேட்டார். அதுவும் வெறுக்கத்தக்கதன்று, இடக்கால் வலுவிழந்தோர்க்கு அது பெரும் வரம். 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் அதனை விற்கத் தொடங்கியது. 1954இலிருந்து ஷெவர்லே பிக்கப்புகளிலும் கிடைத்தது. இன்று அமெரிக்காவில் அத்தகைய பழைய பிக்கப்புகளை வைத்திருப்போர் சிலர் தானியங்கிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலும் கிளட்ச்சும் மூன்றாவது மிதியும் சேர்த்து, கைக்கியரைப் பொருத்திக்கொள்கிறார்கள். வண்டியின் வேலையில் தம் கைக்கும் காலுக்கும் பங்கு வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஏன் மாற்றுகிறோம் என்பதற்கு அவரவர் விடை சொல்லியாக வேண்டும். இங்கே கேட்கப்பட்டது சொகுசும் அன்று, பெருமையும் அன்று. மக்களோடு மக்களாக நடக்கத் தாழ்ந்த ஒரு முதல் கியர். அதற்குமேல் எதையும் மாற்றத் தேவையிருக்கவில்லை.

வேலை மூன்று வாரம் நடந்தது. நான்கு கியர்ப் பெட்டி புதுப்பேட்டையில் ரசீதோடு வாங்கப்பட்டது. அதன் துளைகள் பழைய எஞ்சினின் பெல் ஹவுசிங்கோடு பொருந்தவில்லை. இடையில் வைக்க ஒரு இரும்புத் தகட்டை லேத்தில் கடைந்தார்கள். எஞ்சின் தண்டின் மையமும் கியர் தண்டின் மையமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பைலட் பேரிங் தேய்ந்து கிளட்ச் உதறும் என்று, மானியை வைத்து வைத்துப் பார்த்தார் மெக்கானிக். புதுப்பெட்டி நீளம் அதிகம். எனவே புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறுக்கி, மீண்டும் சமநிலை பார்க்கவேண்டியிருந்தது. தாங்கு சட்டத்தை வெல்டிங் செய்யாமல் போல்ட்டுப் போட்டே பிணைத்தார். சேசிஸில் வெட்டு விழவில்லை. “நாளைக்கு வேறு யாராவது பழையபடி ஆக்க நினைத்தால் அவருக்கும் வழி இருக்கவேண்டும் இல்லையா?” என்று அவர் கேட்டதில், நாம் படித்த பல அறநூல்களின் சாரம் இருந்தது. பல் உடைந்த பழைய பெட்டிக்கு கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்தார்கள். தகுதி ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோனபோது, ஆய்வாளர் கேட்குமுன்பே மாற்றத்தைத் தம்பி அவரிடம் சொன்னார்.

இந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம் நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேடு நினைவுக்கு வருகிறது. ஒரு குழந்தையின் பெயர் அதில் ஒருமுறைதான் எழுதப்படுகிறது. பின்னர் அவர் உறுதிபூசுதல் பெற்றால், மணம் முடித்தால், குருவானால், துறவு வார்த்தைப்பாடு கொடுத்தால், அவ்வரியின் ஓரத்தில் குறிப்பு ஏறுகிறது. பழைய வரி அழிக்கப்படுவதில்லை. புதிய நிலை மறைக்கப்படுவதுமில்லை. அறுபது வயது முதியவரையும் அந்தக் கைக்குழந்தையையும் ஒருவராகக் கட்டிவைப்பதில் அந்த ஓரக்குறிப்புகளுக்கும் பங்குண்டு. மாறாமல் இருப்பதே உண்மைத்தன்மை என்று எண்ணியிருந்தோம். மாறியதை மறைக்காமல் இருப்பதே உண்மைத்தன்மை என்று இப்போது எண்ணுகிறோம். 1979இல் பெட்டியை மாற்றிய பெரியவர் தம் வண்டிக்குத் துரோகம் செய்யவில்லை. அதே வகைப் பெட்டியை மாட்டி, பிறவிப் பெட்டி என்று சொல்லியிருந்தால், ஒரு திருகுகூட வேறுபடாமலே துரோகம் நிகழ்ந்திருக்கும்.

உண்மைக்கு விலை உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். அண்ணன் சேகரிப்பவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் நன்றி சொல்லி விலகிக்கொண்டார். தம்பி தம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அண்ணனின் பங்கைக் கொடுத்துவருகிறார். அது சேகரிப்பவர் தரவிருந்த தொகைக்கு ஈடாகாது. அண்ணன் மகள் படிக்கிறாள், கல்விக் கடனில். இந்தக் கதையை முடிச்சில்லாமல் முடித்துத் தர நம்மால் இயலவில்லை. நேர்மை எல்லாரையும் உடனே நலமாக்கிவிடும் என்று பீடத்திலிருந்து சொல்வது எளிது. கட்டணச் சீட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் சொல்வது எளிதன்று. ஆனால் அவர்கள் இருவரும் இன்று ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறார்கள். பொய்யான விலையைப் பங்கிட்டிருந்தால், அந்தப் பந்தி நிலைத்திருக்குமா என்பது நமக்கு ஐயமே.

அடுத்த திருவிழாவில் தம்பி முதல் கியரைப் போட்டுவிட்டுக் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார். வண்டி, மூதாட்டிகளும் சிறுவர்களும் நடக்கும் வேகத்தில், கருகல் நாற்றமின்றித் தெருவெல்லாம் சுற்றி வந்தது. அண்ணன் அருகிருக்கையில் இருந்தார். மறுநாள் காலை தாயார் அந்தக் கணக்குப் புத்தகத்தை அவரிடம் நீட்டினார். தந்தையின் கடைசிக் குறிப்புக்குக் கீழே, தேதியிட்டு அண்ணன் எழுதினார்: கியர் பெட்டி மாற்றியது, பழையது பரணில் உள்ளது.

அன்பார்ந்த வாசகர்களே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் கைமாறி வந்த ஏதோவொன்று இருக்கிறது. வண்டியோ, நிலமோ, தொழிலோ, குடும்பப் பழக்கமோ. அதை மாற்றவேண்டிய நாள் வரும், வரும்போது அஞ்சவேண்டாம். தேவையான அளவே மாற்றுவோம். மீள வழி வைத்து மாற்றுவோம். நமக்குப்பின் வருகிறவர் படித்தறியும்படி, மாற்றியதை நம் கையால் எழுதியும் வைப்போம்.